கால் அறிந்த ஒழுங்கை

முதல் பத்து நகர்வுகளுக்கும் அவளுக்கு ஒன்றரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. எதிரே இருந்த பையனுக்கு அதற்குள் ஏழு நிமிடம் போயிருந்தது.

றிச்மண்ட் ஹில்லில் ஒரு பாடசாலை மண்டபம். பெப்ரவரிச் சனிக்கிழமை. வாசலில் பனி உருகி வழிந்த சப்பாத்துகள் சோடி சோடியாகக் கிடந்தன. ஆளுக்கு 25 நிமிடம், நகர்வுக்கு 5 விநாடி மேலதிகம் என்ற கணக்கில் பிள்ளைகளுக்கான ரேபிட் சதுரங்கப் போட்டி. விளையாடிக்கொண்டிருந்தவள் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை, வயது 11. தாய் தகப்பன் இருவருக்கும் அன்று வேலை என்பதால் கூட்டிக்கொண்டு வந்தது நான். பார்வையாளருக்குக் கட்டியிருந்த கயிற்றை ஒட்டியே அவளுடைய மேசை அமைந்தது என் அதிர்ஷ்டம்.

பலகையின் நெடுவரிசைகளை ஏ முதல் எச் வரை எழுத்தாலும், கிடைவரிசைகளை 1 முதல் 8 வரை இலக்கத்தாலும் சொல்வது வழக்கம். வெள்ளை டி4 என்று தொடங்கியது. அவள் டி5. வெள்ளை சி4 என்று பக்கத்தில் இருந்து இடித்தது. அவள் ஈ6 என்று முட்டுக் கொடுத்தாள். வெள்ளைக் குதிரை சி3-க்கு வந்தது. இந்த இடத்தில் கறுப்பில் இருப்பவர்கள் அநேகமாகத் தாங்களும் ஒரு குதிரையை வெளியே எடுப்பார்கள். அவள் சி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி சி5-இல் வைத்தாள். பொத்தானை அழுத்தினாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

டாராஷ் தடுப்பாட்டம். என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

ஏன் குளிர்ந்தது என்று சொல்வதற்கு, இந்த ரேபிட் என்ற வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒருவருக்கு 10 நிமிடத்துக்கு மேல், 60 நிமிடத்துக்குள் என்பது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே வைத்திருக்கும் வரையறை. உலக ரேபிட் சாம்பியன் போட்டியில் ஆளுக்கு 15 நிமிடம், நகர்வுக்கு 10 விநாடி. நகர்வுகளைத் தாளில் எழுதும் கடமை இல்லை. 1988-இல் மெக்சிக்கோவின் மசட்லான் நகரில் இந்த வேக ஆட்டத்துக்கு ஓர் உலகப் போட்டி வைத்தபோது அதற்கு 'ஆக்டிவ் செஸ்' என்று பெயர். அனத்தோலி கார்ப்போவ் வென்றார். ஒவ்வொரு நகர்வுக்கும் சில விநாடிகளைத் திருப்பித் தரும் மணிக்கூடு பொபி ஃபிஷரின் யோசனை. காப்புரிமை கேட்டு அவர் விண்ணப்பித்ததும் அதே 1988-இல்தான்.

ஐந்தாறு மணி நேரம் போகும் கிளாசிக்கல் ஆட்டத்தில் தெரியாத இடத்துக்குள் போய்ச் சேர்ந்தாலும் உட்கார்ந்து யோசித்து வெளியே வரலாம். மூன்று நிமிட பிளிட்ஸில் இருவருமே தெரியாத இடத்தில்தான் ஓடுகிறார்கள். தவறு தவறை அடித்துக்கொண்டு போகும். ரேபிட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. செய்த தவறு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நேரம் இருக்கும். அதைத் திருத்தும் அளவுக்கு இருக்காது. அதனால் எந்த வாசலால் உள்ளே போகிறோம் என்பது இந்த வடிவத்தில் மிகப் பெரிய விஷயம். ரேபிட்டின் அழகு ஓப்பனிங்கில் தொடங்குகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

நான் சதுரங்கம் பழகியது யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில். 1990-இல் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டு, கிடைத்தாலும் வாங்க முடியாத விலையில் இருந்தது. போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டுத் திரியைக் கொளுத்துவோம். படிப்பு முடிந்து மிஞ்சிய வெளிச்சத்தில்தான் சதுரங்கம். பக்கத்து வீட்டு அண்ணா ஒருவரிடம் பலகை இருந்தது. அட்டை போன ஒரு பழைய புத்தகமும் இருந்தது. விளக்கு அணைந்தால் ஆட்டம் முடிந்தது என்பது சட்டம். ஃபிஷரின் மேலதிக விநாடி எங்கள் விளக்கில் இல்லை.

அந்தப் புத்தகத்தில் கிழியாமல் இருந்தது இத்தாலிய ஆட்டத்தின் பக்கங்கள் மட்டும். ஈ4, ஈ5, குதிரை எஃப்3, குதிரை சி6, மந்திரி சி4. மூன்று வருடம் நான் வெள்ளையில் வேறு எதுவும் ஆடியதில்லை. அண்ணாவும் ஆடவிடவில்லை. "கண்டதையும் ஆடாதை. இதிலை ஒவ்வொரு காயும் எங்க போய் நிக்குமெண்டு உன்ரை கைக்குத் தெரியவேணும்," என்பார்.

ஆட்டம் முடிந்தால் வீட்டுக்கு இருட்டில்தான் வரவேண்டும். ரோர்ச்சுக்குப் போட பற்றரி கிடையாது. ஆனாலும் அந்த ஒழுங்கையில் எந்த இடத்தில் பூவரசு வேர் எழும்பி நிற்கிறது, எங்கே வெள்ளவாய்க்கால் குறுக்கே போகிறது, எங்கே கிடுகு வேலி உள்ளுக்கு வளைகிறது என்று காலுக்குத் தெரியும். தலை அன்று தோற்ற ஆட்டத்தையே நினைத்துக்கொண்டு வரும். கால் தன் பாட்டில் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும்.

ரேபிட்டில் நல்ல ஓப்பனிங் அந்த ஒழுங்கைதான். நடப்பதற்குத் தலை தேவைப்படாத பாதை. தலையைப் பின்னால் வரப்போகும் சண்டைக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கிற பாதை.

ஓப்பனிங்கைத் தமிழில் 'திறப்பு' என்றும் எழுதுகிறார்கள். எங்கள் ஊர்த் தமிழில் திறப்பு என்றால் சாவி. அந்த அர்த்தமும் எனக்குப் பொருந்தியே படுகிறது. குளிரில் விறைத்த விரலோடு வாசலில் நின்று, கொத்தைப் பார்க்காமலேயே வீட்டுத் திறப்பைத் தடவி எடுக்கிறோமே, அந்த விரலின் அறிவுதான் ஓப்பனிங். பத்துத் திறப்பு வைத்திருப்பவரைவிடத் தன் வீட்டுத் திறப்பைத் தொட்டதும் அறிபவர் முதலில் உள்ளே போய்விடுவார்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கனடாவுக்கு வந்து, கையில் கணினியும் அதற்குள் இலட்சக்கணக்கான ஆட்டங்களும் கிடைத்தபோது எனக்கும் ஆசை பிடித்தது. யங் வீதியும் மேஜர் மக்கென்சி வீதியும் சந்திக்கும் இடத்தில் உள்ள நூலகத்தில் இருந்து சிசிலியனின் நைடார்ஃப் பற்றிய புத்தகம் ஒன்றை இரவல் எடுத்து, ஒரு கிளையைப் பதினெட்டு நகர்வுவரை மனப்பாடம் செய்தேன். அடுத்த போட்டியில் எதிரே இருந்த பெரியவர் ஆறாவது நகர்விலேயே வேறு வழியில் திரும்பிவிட்டார். அந்த நகர்வு கெட்டதல்ல, சிறந்ததும் அல்ல. ஆனால் என் பதினெட்டு நகர்வும் அங்கேயே உதிர்ந்து போயின. 25 நிமிடத்தில் ஒன்பதை அந்த ஒரு இடத்தில் எரித்தேன். முடிவில் நேரம் தீர்ந்து தோற்றேன். பாதையின் வரைபடம் என்னிடம் இருந்தது. பாதையில் நான் நடந்திருக்கவில்லை.

இப்போது டாராஷுக்கு வருகிறேன். சீக்பெர்ட் டாராஷ் 1862-இல் பிறந்த ஜேர்மன் வைத்தியர். தன் காலத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர். அதைவிடப் பெரிய ஆசிரியர். வெள்ளை டி4, சி4 என்று தொடங்கும் ராணி கம்பிட்டுக்கு எதிராக மூன்றாம் நகர்விலேயே சி5 தள்ளுவதுதான் கறுப்புக்குச் சரியான பதில் என்று அவர் அடித்துச் சொன்னார். பதுங்கி இருந்து பிறகு எழும்பலாம் என்ற யோசனை அவருக்குப் பிடிக்காது. காய்களுக்கு மூச்சு விட இடம் வேண்டும். அதற்கு விலை கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.

விலை என்ன? சில பரிமாற்றங்கள் நடந்த பிறகு கறுப்பின் டி5 சிப்பாய் தனித்துப் போகும். இரு பக்கமும் துணைக்குச் சிப்பாய் இல்லை. அதை எப்போதும் காய்களே காக்கவேண்டும். வெள்ளை அதற்கு முன்னால் டி4 கட்டத்தில் ஒரு குதிரையை இருத்தி, மெல்ல மெல்ல அதை நெரிக்கும். காய்கள் குறையக் குறைய, கடைசிக் கட்டத்தில் அந்தச் சிப்பாய் பாரமாகிவிடும்.

விலைக்குப் பதிலாகக் கிடைப்பதைப் பாருங்கள். இரண்டு மந்திரிகளுக்கும் வழி திறந்துவிடும். யானைகளுக்கு ஈ வரிசையும் சி வரிசையும். குதிரைகள் சி6-இலும் எஃப்6-இலும், தங்களுக்கென்று செய்து வைத்த ஆசனத்தில் ஏறுவதுபோல் ஏறும். தனித்த அந்தச் சிப்பாயே ஈ4, சி4 என்ற இரண்டு கட்டங்களை எதிரியின் நிலத்துக்குள் பிடித்துத் தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம் கனிந்தால் அது டி4 என்று முன்னே பாயும். அந்தப் பாய்ச்சலில் கறுப்பின் அத்தனை காய்களுக்கும் ஒரே நேரத்தில் கதவு திறக்கும். டாராஷ் ஆடுகிறவர் ஆட்டம் முழுக்க அந்த ஒரு கணத்துக்காகவே காத்திருக்கிறார்.

பொறிஸ் ஸ்பாஸ்கி 1969-இல் பெத்ரோசியானிடம் இருந்து உலகப் பட்டத்தைப் பறித்த போட்டியில் இதை ஆடினார். இளம் கஸ்பரோவ் 1983, 84-ஆம் ஆண்டுகளின் தகுதிப் போட்டிகளில் இதை வாள்போல் சுழற்றினார். பிறகு 1984 உலகப் போட்டியில் ஏழாம், ஒன்பதாம் ஆட்டங்களில் கார்ப்போவ் அந்தத் தனிச் சிப்பாயைப் பொறுமையாக நெரித்து இரண்டையும் வென்றபோது, கஸ்பரோவ் அந்த வாளை உறைக்குள் போட்டுவிட்டார். கிளாசிக்கலில் கார்ப்போவுக்கு நெரிக்க நேரம் இருந்தது. 25 நிமிட ஆட்டத்தில் நெரிப்பவருக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. தற்காக்கும் நகர்வைத் தேடுவதற்குத்தான் அதிக நிமிடங்கள் செலவாகும். கறுப்பின் காய்களோ எங்கே போவது என்று கேட்கவே தேவையில்லாமல் போய்க்கொண்டிருக்கும். விலை பிறகு, பலன் இப்போதே. ரேபிட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஒழுங்கை அரிது.

இதை நான் கண்ணால் கண்ட நாள் 2022 பெப்ரவரி 20, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் குடும்ப தின விடுமுறை என்பதால் எங்கள் தெருவில் அவசரம் இல்லை. ஏயார்திங்ஸ் மாஸ்டர்ஸ் என்ற இணையவழி ரேபிட் போட்டி, 16 பேர், ஆளுக்கு 15 நிமிடம், நகர்வுக்கு 10 விநாடி. எங்களுக்குப் பிற்பகல். சென்னையில் நள்ளிரவு தாண்டியிருந்தது. எட்டாம் சுற்றில் மக்னஸ் கார்ல்சன் வெள்ளை. 16 வயது பிரக்ஞானந்தா கறுப்பு. கார்ல்சன் தொடர்ச்சியாக மூன்று ஆட்டங்களை வென்றுவிட்டு வந்திருந்தார். பிள்ளையோ அதுவரை ஏழில் ஒன்றைத்தான் வென்றிருந்தான், நான்கு தோல்வி. திரையின் மூலையில் சிறு சதுரமாகத் தெரிந்த முகம், நெற்றியில் திருநீறு.

ஆட்டம் டாராஷ் வகைக்குள் போயிற்று. நான் கோப்பியை மேசையில் வைத்தது நினைவிருக்கிறது, குடித்தது நினைவில்லை. உலகச் சாம்பியனுக்கு எதிராக, அதுவரை வாங்கிய அடிகளுக்குப் பிறகு, ஒரு பதினாறு வயதுப் பிள்ளை பதுங்குகிற ஆட்டம் ஒன்றைத் தேடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் காய்களுக்கு மூச்சு விடும் இடம் தருகிற ஆட்டத்துக்குள் போனான். கார்ல்சன் கொவிட் வந்து தேறியிருந்தார். அந்தக் களைப்பு தன்னை விட்டுப் போகவில்லை என்று அவரே பின்னர் சொன்னார். அதைக் கழித்துப் பார்த்தாலும், அவர் இடறிய இடத்தில் கறுப்பின் காய்கள் ஏற்கெனவே சரியான கட்டங்களில் நின்றன என்பது கழியாது. 39-ஆவது நகர்வோடு ஆட்டம் முடிந்தது. ஆனந்த், ஹரிகிருஷ்ணா ஆகியோருக்குப் பிறகு கார்ல்சனை வென்ற மூன்றாவது இந்தியர் பிரக்ஞானந்தா. எப்படிக் கொண்டாடப் போகிறாய் என்ற கேள்விக்கு, படுக்கப் போகிறேன் என்றான். அங்கே அப்போது அதிகாலை இரண்டரை மணி.

இந்தப் பிள்ளைகளின் ஒழுங்கை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் நான் சென்னையின் மிகையில் தால் சதுரங்கக் கழகத்தைச் சொல்வேன். சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய கழகம் அது. சிறுவன் ஆனந்த் அங்கே பிளிட்ஸ் ஆடினான். வென்றவர் இருக்கையில் இருக்கலாம். தோற்றவர் எழும்பி வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். இருக்கையை விட்டு எழும்பாமல் இருக்க வேண்டும் என்ற ஆசையே அந்தக் கையை வேகமாக்கிற்று. ஜேர்மனியின் மைன்ஸ் ரேபிட் போட்டியைப் பதினொரு முறை வென்ற கை அது. 2003-இல் பிரான்சின் கப் தாக்டில் உலக ரேபிட் பட்டம். 2017 டிசம்பரில் ரியாத்தில், 48 வயதில், 15 சுற்றிலும் தோல்வியே இல்லாமல், ஒன்பதாம் சுற்றில் கறுப்பில் ஆடிக் கார்ல்சனையும் வென்று, மீண்டும் உலக ரேபிட் பட்டம்.

ஆனாலும் எனக்கு மிகப் பிடித்தது 2012 மே 30. மொஸ்கோவின் திரெத்தியாக்கோவ் ஓவியக் கூடம். பொறிஸ் கெல்ஃபாண்டோடு பன்னிரண்டு கிளாசிக்கல் ஆட்டங்களின் முடிவில் புள்ளி சமமாகி, உலகப் பட்டம் நான்கு ரேபிட் ஆட்டங்களுக்கு வந்து நின்றது. இரண்டாம் ஆட்டத்தில் ஆனந்த் வெள்ளை. ஈ4, சி5, குதிரை எஃப்3, குதிரை சி6, மந்திரி பி5. ரொசொலிமோ! சிசிலியனின் பெரிய காடுகளுக்குள் போகாமல், ஓரமாக வீட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. கியேவில் பிறந்து, பிரான்சில் வாழ்ந்து, நியூயோர்க்கில் டாக்சி ஓட்டிய நிக்கொலாஸ் ரொசொலிமோவின் பெயர் அதற்கு. டாக்சி ஓட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் வாழும் ஊரில் இருந்துகொண்டு அந்தப் பெயரைச் சொல்லும்போது எனக்கு ஒரு தனி மரியாதை வரும். ஆனந்த் அந்தப் பாதையில் மின்னல் எதையும் காட்டவில்லை. கெல்ஃபாண்டின் மணிக்கூட்டில் நிமிடங்கள் கரைந்தன. ஆனந்துக்கு யோசிக்க நேரம் மிஞ்சியது. 77 நகர்வு. அந்த நாலில் வெற்றி தோல்வி கண்டது அந்த ஆட்டம் மட்டுமே. உலகப் பட்டம் அந்த ஒன்றால் நிலைத்தது.

பெரியவர்களின் ரேபிட் ஆட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இதே அடக்கம் திரும்பத் திரும்பத் தெரியும். 2016 நவம்பர் 30, நியூயோர்க். கார்ல்சனின் பிறந்த நாள். கர்யாக்கினோடு நடந்த உலகப் போட்டியின் கடைசி ரேபிட் ஆட்டத்தில் அவருக்குச் சமநிலை போதும். சிசிலியனுக்கு எதிராக ஐந்தாம் நகர்வில் எஃப்3 என்று ஒரு சிறு சிப்பாய் நகர்வு, பிறகு சி4. கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்துகிற ஓப்பனிங். அதில் இருந்துதான் ஐம்பதாம் நகர்வில் ராணியை எச்6-இல் கொண்டுபோய்ப் பலியிட்ட அந்த ஒப்பற்ற முடிவு பிறந்தது. ராஜா எடுத்தாலும் மேட். சிப்பாய் எடுத்தாலும் மேட். 2023 ஏப்ரல் 30, அஸ்தானா. டிங் லிரென் கறுப்பில் ஸ்பானிய ஆட்டம். இன்னொரு உலகப் போட்டியின் கடைசி ரேபிட், நேரம் வற்றிக்கொண்டிருக்கிறது. நெப்போம்னியாச்சி கொடுத்த செக்குக்கு நடுவே தன் யானையையே ஜி6-இல் கொண்டுபோய்க் கட்டிவைத்தார். சமநிலையை ஏற்றிருக்கலாம். அவர் நின்றார்; வென்றார். இரண்டு நாளும் பார்த்தவர்கள் கடைசி அடியைத்தான் கொண்டாடினார்கள். எனக்கோ அந்த அடிக்கு வேண்டிய தெம்பை மிச்சம் பிடித்துக் கொடுத்த முதல் பத்து நகர்வுகளையும் சேர்த்துக் கொண்டாட வேண்டும்.

2024 ஏப்ரலில் உலகமே எங்கள் ஊருக்கு வந்தது. உலகச் சாம்பியனோடு மோதப்போவது யார் என்று தீர்மானிக்கும் கண்டிடேற்ஸ் போட்டி ரொறன்ரோவில், குயின் வீதி மேற்கில் உள்ள கிறேற் ஹோல் என்ற பழைய கட்டடத்தில் நடந்தது. எட்டு ஆண்களில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் சென்னைப் பிள்ளைகள். எட்டுப் பெண்களில் பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலி. அண்ணன் தங்கையோ அக்கா தம்பியோ ஒரே நேரத்தில் இந்தப் போட்டியில் ஆடியது அதுவே முதல் தடவை. நான் ஒரு நாள் போனேன். யங் வீதி பஸ்ஸில் ஃபிஞ்ச் வரை, பிறகு சுரங்க ரயில். இருட்டான மண்டபத்தில் மேசைகளின் மேல் மட்டும் வெளிச்சம். அந்த வெளிச்ச வட்டத்தைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஜாம் போத்தல்.

கடைசி நாள், ஏப்ரல் 21, வீட்டில் இருந்து பார்த்தேன். குகேஷ் கறுப்பில் நக்கமுராவோடு சமநிலை செய்து 9 புள்ளியில் முடித்துவிட்டான். கருவானாவும் நெப்போம்னியாச்சியும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் வென்றால் அவருக்கும் 9. மறுநாள் ரேபிட் தீர்வாட்டம். ரேபிட்டில் அன்று குகேஷின் பெயர் அவ்வளவு உயரத்தில் இல்லை. கருவானாவின் கைக்குள் வெற்றி வந்து வந்து நழுவியது. 109 நகர்வுக்குப் பிறகு சமநிலை. இருவரும் ஒருவருக்கொருவர் வருத்தம் தெரிவித்துக்கொண்ட காட்சியை நான் மறக்க மாட்டேன். 17 வயதுப் பிள்ளை வென்றுவிட்டான், ரேபிட் தேவைப்படவில்லை. சந்தோஷத்தில் எழும்பி நின்ற எனக்கு, மறுநாள் குயின் வீதியில் நடக்காமல் போன அந்த ரேபிட் ஆட்டங்கள் எந்த ஓப்பனிங்கில் தொடங்கியிருக்கும் என்ற ஏக்கமும் உள்ளே இருந்தது. அதே டிசம்பரில் சிங்கப்பூரில் அவன் டிங் லிரெனை வென்று உலகச் சாம்பியன் ஆனதும் கடைசிக் கிளாசிக்கல் ஆட்டத்தில்தான். மறுநாள் ரேபிட் அங்கேயும் காத்திருந்தது. என் ஏக்கம் தீர்ந்தது 2025 யூலையில். சாக்ரெப் போட்டியின் ரேபிட் பகுதியில் குகேஷ் முதலிடம். கறுப்பில் ஆடிக் கார்ல்சனையும் வென்றான்.

மண்டபத்துக்குத் திரும்புகிறேன்.

அவளுடைய தனிச் சிப்பாய் டி5-இல் நின்றது. மந்திரி சி5-க்கு வந்து, துரத்தப்பட்டு, ஏ7-க்குப் பின்வாங்கி அதே மூலைவிட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. யானை டி8. பையன் நல்ல பையன். ஒவ்வொரு நகர்வுக்கும் பலகையின் நான்கு மூலையையும் பார்த்தான். பார்த்ததற்கு விலையாக நிமிடங்கள் போயின. பதினாறாம் நகர்வில் அவள் முதன்முறையாக யோசித்தாள். இரண்டு கையாலும் கன்னத்தை ஏந்திக்கொண்டு, கால் மேசைக்கு அடியில் ஆட, முழுதாக மூன்று நிமிடம். மிச்சம் பிடித்த நேரத்தில் எடுத்த மூன்று நிமிடம். என் வாய் உலர்ந்துவிட்டது. பிறகு கை போயிற்று. சிப்பாயைத் தூக்கவில்லை, விரல் நுனியால் தள்ளினாள். டி4.

சி3 குதிரைக்கு இருப்பிடம் போயிற்று. எதை எடுத்தாலும் ஒரு வழி திறக்கும். பையன் மிச்சம் இருந்த ஏழு நிமிடத்தில் ஐந்தைச் செலவழித்து, இருந்த ஒரே நல்ல வழியைக் கண்டுபிடித்தான். காய்கள் இரண்டிரண்டாக மாறின. கடைசியில் ஆளுக்கு ஒரு யானை, நாலு சிப்பாய். அவள் முயன்றுபார்த்தாள். அவன் கடைசி விநாடிகளில், மேலதிகமாகக் கிடைத்த ஐந்து ஐந்து விநாடியில் நகர்வு நகர்வாகத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டான். சமநிலை. கை கொடுத்தார்கள். உடனே இருவரும் காய்களைத் திரும்பவும் டி4-க்கு முந்திய நிலையில் அடுக்கிவிட்டு, வெளியே போய்ப் பேசும்படி நடுவர் வந்து சொல்லும்வரை எழும்பவில்லை.

காரில் வரும்போது கேட்டேன். "ஏன் பிள்ளை டாராஷ்? தனிச் சிப்பாய் ஒண்டை வச்சுக்கொண்டு கஷ்டப்படோணுமே?"

பின்னால் இருந்து பதில் வந்தது. "இல்லை மாமா. அதிலை எனக்கு எல்லாம் எங்க இருக்கெண்டு தெரியும்."

பேவியூ வீதியில் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. அவள் வீட்டு வாசல் விளக்கு எரியவில்லை. தாய் இன்னும் வேலையால் வரவில்லை. காரின் வெளிச்சத்தைத் திருப்பிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று இறங்கினாள். பனியில் உறைந்திருந்த இரண்டாம் படியை விட்டு மூன்றாம் படியில் கால் வைத்து, பைக்குள் கைவிட்டு, குனிந்து பார்க்காமலேயே திறப்பை எடுத்தாள்.